இளவரசி விட்டுப்போன இழைகள்

இதை ராத்திரியில் படிக்க வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். எனக்கு நடந்ததெல்லாம் பட்டப்பகலில்தான் நடந்தது, பக்கத்து வீட்டு விசைத்தறி கரண்டு போய் நின்ற நேரங்களில்.

ஆடி மாதம் இரண்டாவது சனிக்கிழமை. சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் கார் நின்றது. எங்களுக்குப் பட்டும் ஜரிகையும் கொடுத்து, நெய்ததை வாங்கிப் போகும் வியாபாரி ஜெயவேல் அண்ணன் இறங்கினார். அவர் பின்னாலேயே சாம்பல் நிறப் புடவையில் ஒரு கன்னியாஸ்திரீ. சிஸ்டர் தமிழ்ச்செல்வி என்று பெயர் சொன்னார். புதுச்சேரியில் சின்னதாக ஒரு கன்னியர் மடமாம். பழைய பிஸ்கட் டப்பா ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அம்மா காபி கொடுத்தபோது கூட அதைக் கீழே வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டார்.

நான் கீதா. வயது முப்பத்து மூன்று. ஆரணியில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் இரண்டு குழித்தறிகள். ஒன்றில் அப்பா லோகநாதன், இன்னொன்றில் நான். நுணுக்கமான பூ வேலை என்றால் ஜெயவேல் அண்ணன் என்னிடம்தான் கொண்டுவருவார். இதைத் தற்பெருமை என்று நினைத்தாலும் சரி, உண்மை அதுதான்.

வீட்டில் இன்னும் இரண்டு பேர். அம்மா அபிதகுசாம்பாள். தங்கை ஸ்வர்ணலதா, என்னைவிட ஏழு வயது இளையவள். அவளைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

அந்த வைகாசியில் செய்யாற்றிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை சதீஷ். கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போய்வருகிற வேலை, அமைதியான முகம், பேசும்போது கண்ணைப் பார்த்துப் பேசுவார். எனக்குப் பிடித்திருந்தது. நான் காபி கொண்டுபோய் வைத்தேன். பின்னாலேயே ஸ்வர்ணா தண்ணீர் கொண்டுவந்தாள். மூன்றாம் நாள் தரகர் வந்து, சின்னப் பெண்ணைக் கேட்கிறார்கள் என்றார். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு ஒன்றும் இல்லை, பேசி முடியுங்கள் என்றேன். கீதாவுக்குத்தான் எவ்வளவு பெரிய மனசு என்று தெருவே பேசியது. என் மனசு எவ்வளவு பெரியது என்று எனக்கல்லவா தெரியும்.

ஐப்பசியில் கல்யாணம். முகூர்த்தப் புடவையை அக்காதான் நெய்ய வேண்டும் என்று ஸ்வர்ணா ஒற்றைக் காலில் நின்றாள். சரி என்றேன். அன்றைக்கு அவள் கழுத்தை நெரிக்கலாம் போல் இருந்தது.

சிஸ்டர் டப்பாவைத் திறந்தார். உள்ளே மெல்லிய காகிதத்தில் உள்ளங்கை அகலப் பட்டுத் துண்டு. தந்த நிறம், அதில் மூன்றிலைக் கொடியும் சின்ன மொட்டுகளும். இழை நைந்து, தொட்டால் உதிர்ந்துவிடும் நிலை. மூன்று பக்கம் பிய்ந்திருந்தது. நாலாவது பக்கம் மட்டும் கத்தரியால் நறுக்கென்று வெட்டிய கோடு. இதே பூவில், இதே நிறத்தில், கோயில் பீடத்தின் மேல் விரிக்க ஒரு துணி வேண்டும் என்றார்.

யாருடைய துணி என்று நான்தான் கேட்டேன். அந்த வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

முந்நூறு வருடத்துக்கு முன் பிரான்ஸ் அரச குடும்பத்தில் ஒதில் என்று ஓர் இளவரசி இருந்தாளாம். மூத்தவள். ஆறு வயதிலேயே கன்னியர் மடத்தில் படிக்க விட்டுவிட்டார்கள். பதினாறு வயதில் அரண்மனைக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள். பக்கத்து நாட்டு இளவரசனுக்குப் பேசியிருந்தார்கள். கல்யாணத்துக்கென்று தந்த நிறப் பட்டு நெய்யச் சொல்லி, கவுனும் தைத்தாயிற்று. மாப்பிள்ளை பார்க்க வந்தான். விருந்தில் எதிரே உட்கார்ந்திருந்த தங்கையைப் பார்த்தான்.

சிஸ்டர் ஒரு வாய் காபி குடித்து டம்ளரைக் கீழே வைத்தார். அவருக்கு எங்கள் வீட்டுக் கதை தெரியாது. அம்மா குனிந்து டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தங்கைக்குக் கல்யாணம் முடிந்த மறுவாரம், நான் துறவியாகப் போகிறேன் என்று ஒதில் சொன்னாளாம். தெய்வ அழைப்பு என்று எல்லோரும் கொண்டாடினார்கள். அந்தக் காலத்து மடங்களில் ஒரு வழக்கம். சேருகிற பெண் அன்றைக்கு மணப்பெண் மாதிரி உடுத்திக்கொண்டு கோயிலுக்குள் போவாள், ஆண்டவருக்கு மணப்பெண் என்பது கணக்கு. உள்ளே போனதும் கூந்தலை வெட்டிவிட்டு, முரட்டு அங்கியும் முக்காடும் போட்டுவிடுவார்கள். கல்யாண உடுப்பைக் கத்தரித்துப் பூசை உடுப்பாகத் தைத்துக்கொள்வார்கள். ஒதில் உடுத்திக்கொண்டு போனது அந்தக் கவுனைத்தான்.

இருபத்து மூன்று வயதில் மடத்தின் தலைவியானாள். நாற்பத்தொரு வருடம் ஆண்டாள். ஒழுகிய கூரையை மாற்றினாள், பேரிக்காய்த் தோட்டம் வைத்தாள், ஏழைப் பெண்களுக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தாள், ஒரு முறை ஆயரையே எதிர்த்து வாதாடி ஜெயித்தாள். கெட்டிக்காரி. ஆனால் புதிதாகச் சேருகிற பெண்களின் கல்யாண உடுப்பை மட்டும் வேறு யாரையும் தொடவிடமாட்டாள். ஒவ்வொன்றையும் தன் கையாலேயே கத்தரிப்பாள். கத்தரிக்கும்போது கதவைச் சாத்திக்கொள்வாள். தங்கை தன் மகளோடு அவளைப் பார்க்க வந்தபோது, பார்க்க வருகிறவர்களோடு பேசுகிற கம்பிச் சன்னல் பக்கம் கூட வரவில்லை. நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன் என்று ஒரு வரி எழுதி அனுப்பினாள்.

துறவிக்குச் சொந்தமாக ஒரு ஊசி கூட இருக்கக் கூடாது. அவள் செத்த பிறகு உடம்பைக் கழுவ வந்தவர்கள் அங்கிக்குள்ளே, நெஞ்சோடு ஒட்டி, இந்தத் துண்டைக் கண்டார்கள். மடம் கலைந்தபோது யாரோ ஒரு சிஸ்டர் எடுத்துவந்து, கை மாறிக் கை மாறிப் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்ததாம்.

"புனிதமான வாழ்க்கைங்க. பொறாமைங்கறதே இல்லாதவங்க" என்றார் சிஸ்டர்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன் என்று எழுதியவளை எனக்குத் தெரியும். நிச்சயதார்த்தத்தன்று என் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் அதைத்தான் போட்டிருந்தேன், மூன்று ரோஜாப் பூவோடு.

டப்பாவை மாதிரிக்கு விட்டுவிட்டுப் போனார்கள். தறியில் நீளவாக்கில் கட்டும் பாவு தந்த நிறத்தில் வந்தது, பூவுக்கு ஜக்கார்டு அட்டை வந்தது. ஆடிக் கடைசியில் நெய்ய ஆரம்பித்தேன்.

முதலில் வாசனைதான். எங்கள் தறிக்கூடத்தில் பட்டின் கஞ்சி வாசமும் குழியின் ஈர மண் வாசமும் எப்போதும் உண்டு. அதோடு உருகிய மெழுகும், காயாத கம்பளியும் சேர்ந்த மாதிரி ஒரு வாடை வந்தது. எலி செத்துக் கிடக்கிறதா என்று அப்பா மூலைமூலையாகத் தேடினார். ஒன்றும் இல்லை.

பிறகு, யாரோ பார்த்துக்கொண்டிருக்கிற உணர்வு. பாவு என் முன்னால் எதிர்ச்சுவர் வரைக்கும் நீண்டிருக்கும். அந்தக் கோடிக்குச் சன்னல் வெளிச்சம் எட்டாது. அங்கேயிருந்து யாரோ என் கையைப் பார்ப்பது போல் இருக்கும். நிமிர்ந்தால் இருட்டு மட்டும் இருக்கும். தறிச் சத்தம் நின்றதும் நறுக், நறுக் என்று சின்னதாக ஒரு சத்தம் கேட்கும். அடுத்த வீட்டில் யாரோ பீன்ஸ் நறுக்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டாம் நாள் பிற்பகல் மூன்று மணி இருக்கும். மின்சாரம் போய், பக்கத்து விசைத்தறி நின்றிருந்தது. குழிக்குள் கால் விட்டு மிதியை மிதித்துக்கொண்டிருந்தேன். வலது மிதி, இடது மிதி. வலது, இடது.

நான் இடதை மிதிக்காமலே இடது இறங்கியது.

காலைத் தூக்கிக்கொண்டேன். மிதி தானாக ஏறியது. வலது இறங்கியது. குழிக்குள் சில்லென்ற துணி ஒன்று என் கணுக்காலை உரசிக்கொண்டு போனது. குனிந்து பார்த்தேன். என் காலுக்குப் பக்கத்தில், அதே மிதியில், இன்னொரு ஜோடிப் பாதம். வெறும் பாதம். வெயிலே பார்க்காத வெளுப்பு.

கத்தவில்லை. மின்சாரம் வந்து பக்கத்து விசைத்தறி ஓட ஆரம்பித்ததும் குழிக்குள் என் கால் மட்டும்தான் இருந்தது.

இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பொறாமையில் பெரியவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அடுத்த தெரு வரைக்கும் போயிருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு நெய்து முடித்தேன். ஜெயவேல் அண்ணன் துணியையும் டப்பாவையும் எடுத்துப் போனார். சிஸ்டர் போன் பண்ணி அழாத குறையாக நன்றி சொன்னார். மெழுகு வாடை போய்விட்டது. தொல்லை விட்டது என்று நினைத்தேன்.

இனி நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும்.

ஒரு பாவு நெய்து முடிந்ததும் நாங்கள் அதை அடியோடு உருவிவிடுவதில்லை. தறியிலேயே ஒரு முழம் இழையை விட்டுத்தான் அறுப்போம். புதுப் பாவு வந்ததும், அதன் ஒவ்வோர் இழையையும் பழைய இழையின் நுனியோடு சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைப்பார்கள். நாலாயிரத்துச் சொச்சம் இழை. பிணைத்து இழுத்தால், பழையது போன வழியிலேயே புதியதும் வந்துவிடும். இல்லாவிட்டால் ஒவ்வோர் இழையாகப் புதிதாகக் கோக்க நாலு நாள் ஆகும். ஆக ஒரு தறியில் ஓடுகிற துணிகளெல்லாம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டுதான் வருகின்றன.

ஆனால் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. சாமிக்கோ சாவுக்கோ நெய்த துணியின் மிச்சத்தில் கல்யாணப் பாவைப் பிணைக்கக் கூடாது. மிச்ச இழையை முழுசாக உருவி எரித்து, தறியை மஞ்சள் தண்ணீரால் கழுவி, புதிதாகத்தான் கோக்க வேண்டும்.

ஸ்வர்ணாவின் அரக்கு நிறப் பாவு வந்த அன்று அப்பாவும் அம்மாவும் ஊரில் இல்லை. படவேட்டு ரேணுகாம்பாளுக்கு முதல் பத்திரிகை வைத்துவிட்டு, அப்படியே சொந்தக்காரர்களுக்கும் கொடுத்துவர ஒரு வாரம் போயிருந்தார்கள். பாவு பிணைக்கிற தனக்கோடி அக்கா வந்து சாம்பல் கிண்ணத்தோடு உட்கார்ந்தார். தறியில் தொங்கிய தந்த நிற இழைகளை விரலால் வருடிப் பார்த்தார்.

"இன்னா கீதா, வெள்ளையா இருக்குது. முன்ன இதுல இன்னா ஓடிச்சு?"

"ஆர்டர் புடவைக்கா. சாதாப் புடவைதான்."

"சாமி துணி எதுவும் இல்லியே?"

"இல்லக்கா. ஜல்தியா பிணைங்க, நாள் இல்ல."

நாலு நாள் மிச்சம் என்பது நான் எனக்கே சொல்லிக்கொண்ட சாக்கு. உண்மை என்னவென்றால், உள்ளே கூடத்தில் ஸ்வர்ணா போனில் சதீஷிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பு கேட்கக் கேட்க, கெட்டுப் போகட்டுமே என்று ஒரு நினைப்பு வந்தது. அவ்வளவுதான். தனக்கோடி அக்காவின் விரல்கள் ஒவ்வோர் இழையாக முறுக்கிக்கொண்டே போயின. வெள்ளையும் அரக்கும், வெள்ளையும் அரக்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து கடைசி இழை வரைக்கும் பார்த்தேன்.

மறுநாள் தறியில் உட்கார்ந்ததும் மெழுகு வாடை வந்தது.

புடவை வளர வளர ஒன்று புரிந்தது. தங்கையை நினைத்து மனசு இளகினால் இழை அறுந்தது. சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது அவள் பள்ளிக்கூடம் போகாமல் என் காலடியில் உட்கார்ந்திருந்ததை நினைத்தேன், பத்து இழை ஒன்றாகத் தெறித்தது. என் மாப்பிள்ளையைப் பறித்துக்கொண்டவள் என்று நினைத்தால் தறி வெண்ணெய் மாதிரி ஓடியது. ஒரு நாளைக்கு அரை கஜம் நெய்கிறவள் முக்கால் கஜம் நெய்தேன். நெய்த இடமெல்லாம் ஒரு பிசிறு இல்லை. என் வாழ்நாளில் அப்படி ஒரு புடவை நெய்ததில்லை.

ஸ்வர்ணா மட்டும் தேய்ந்துகொண்டே வந்தாள்.

முதலில் பேச்சு குறைந்தது. பிறகு சதீஷ் கூப்பிட்டால் போனை எடுக்கவில்லை. பூ வைத்துக்கொள்ள மறுத்தாள். வளையலைக் கழற்றி அலமாரியில் வைத்தாள். ஒரு நாள் காலையில் சுவரைப் பார்த்து மண்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். வாய் ஏதோ முணுமுணுத்தது. காதைக் கிட்டே கொண்டுபோனேன். தமிழில்லை, இங்கிலீஷும் இல்லை. மூக்கால் பேசுகிற மாதிரி ஒரு பாஷை. கல்யாண பயம், சரியாகிவிடும் என்று அம்மா வேப்பிலை அடித்தாள். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்.

ஐந்தாறு நாள் கழித்து அவளே என்னிடம் வந்தாள்.

"எனக்குக் கல்யாணம் வேணாம்க்கா."

"ஏன்டீ?"

"நான் மகிழ்ச்சியா இருக்கேன்" என்றாள்.

என் தங்கை அப்படியெல்லாம் பேசுகிறவள் இல்லை. ஒதில் எழுதிய வரி அது. அதோடு இன்னொன்றும் தோன்றியது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. சந்தோஷமாக இருந்தது. கல்யாணம் நிற்கப் போகிறது என்று ஒரு கணம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் குழிக்குள் பார்த்த பாதத்தைவிட பயமாக இருக்கிறது.

புரட்டாசி மூன்றாவது வெள்ளி. காலையிலிருந்து மழை. அப்பா ரேஷன் கடைக்கும் அம்மா பாத்திரச் சீட்டு விஷயமாகவும் போயிருந்தார்கள். முந்தானையில் இன்னும் ஒரு முழம்தான் பாக்கி. மழை இருட்டில் விளக்கைப் போட்டுக்கொண்டு நெய்துகொண்டிருந்தேன். தறி தானாகவே ஓடுவது போல் அத்தனை லேசாக ஓடியது.

விளக்கு அணைந்தது. பக்கத்து விசைத்தறியும் நின்றது. ஓட்டில் மழை விழுகிற சத்தம் மட்டும்.

நறுக்.

நிமிர்ந்து பார்த்தேன். பாவின் கோடியில், சுவரோரம், ஸ்வர்ணா நின்றுகொண்டிருந்தாள். வெள்ளைத் துண்டைத் தலையைச் சுற்றி நெற்றி மறைய இறுக்கிக் கட்டியிருந்தாள். ஒரு கையில் தறிக் கத்தரி. இன்னொரு கையில் தன் சடையை முன்னால் இழுத்துப் பிடித்திருந்தாள். ஏற்கெனவே ஒரு கொத்து முடி தரையில் கிடந்தது.

அவள் பின்னால் இன்னொருத்தி.

உயரமான உருவம். கறுப்பு அங்கி, கறுப்பு முக்காடு, முகத்தைச் சுற்றி வெள்ளைத் துணி. முகம் வயதானதுதான், ஆனால் சுருக்கமே இல்லை. அவள் ஸ்வர்ணாவைத் தொடவில்லை. புதிதாகத் தறி பழகுகிறவளைப் பார்ப்பது போல், அவள் கையையே கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுந்திருக்கப் பார்த்தேன். முடியவில்லை. குழிக்குள் என் இரண்டு பாதத்தின் மேலும் இரண்டு பாதங்கள் ஏறி நின்றன. ஐஸ் கட்டியை வைத்து அழுத்துவது போல் இருந்தது. எதிரே நிற்கிறவளும் அவள்தான், குழிக்குள் மிதிக்கிறவளும் அவள்தான்.

"ஸ்வர்ணா" என்றேன். சத்தம் வரவில்லை.

நறுக். இன்னொரு கொத்து விழுந்தது.

அப்போதுதான் தங்கையின் முகத்தைப் பார்த்தேன். அழுதுகொண்டிருந்தாள். கை வெட்டிக்கொண்டிருந்தது, வாய் முணுமுணுத்துக்கொண்டிருந்தது, கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே எங்கேயோ என் ஸ்வர்ணா இருந்தாள், அவளுக்குக் கை மட்டும் சொந்தமில்லை. மாப்பிள்ளையாவது மண்ணாங்கட்டியாவது என்று ஆகிவிட்டது எனக்கு.

"அவள விட்டுடு" என்றேன். இந்த முறை சத்தம் வந்தது. "அவளுக்கு ஒண்ணும் தெரியாது. தண்ணி கொண்டாந்து வச்சா, அவ்ளோதான். வயிறு எரிஞ்சது எனக்கு. பிணைக்கச் சொன்னது நான்."

முக்காடு அசையவில்லை.

"அவ போயி நல்லா இருக்கட்டும். உனக்கு ஆள்தான வேணும். நான் இருக்கேன்."

அவள் முதல் முறையாக என்னைப் பார்த்தாள். இத்தனை நாளாக என் கையைத்தான் பார்த்திருக்கிறாள், முகத்தைப் பார்த்ததில்லை. அந்தக் கண்ணில் கோபம் இல்லை. ரொம்ப நாளாக ஆள் வராத வீட்டில் இருப்பவள் பார்க்கிற பார்வை. பாவின் மேலே அங்கி உரச, ஓர் இழை கூட அசையாமல், என் பக்கம் வந்தாள். குனிந்து என் தலையில் கை வைத்தாள்.

குளிர்ந்த, கனமான கை.

விளக்கு எரிந்தது. பாதங்கள் விலகின. ஸ்வர்ணா கத்தரியைக் கீழே போட்டுவிட்டு, இங்கே எப்படி வந்தேன் என்று கேட்டாள். தரையில் கிடந்த முடியைப் பார்த்து ஓவென்று அழ ஆரம்பித்தாள். நான் குழியிலிருந்து ஏறி அவளைக் கட்டிக்கொண்டேன். பிறகு அந்தக் கத்தரியாலேயே பாவைக் குறுக்கே அறுத்தேன். முந்தானை முடியாத அந்தப் புடவையை, வெள்ளை மிச்சத்தோடு சேர்த்து, மழை விட்டதும் கொல்லையில் போட்டுக் கொளுத்தினேன். பட்டு எரிந்தால் முடி எரிகிற நாற்றம் வரும், எல்லோருக்கும் தெரியும். அதில் மெழுகு வாடையும் இருந்தது.

சாயங்காலம் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், தனக்கோடி அக்காவிடம் சொன்ன பொய்யையும். அவர் திட்டவில்லை. மஞ்சள் கரைத்துத் தறியைக் கழுவினார். மறுநாளிலிருந்து நாலு நாள் நானும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து வேறொரு பாவைக் கோத்தோம். ஜெயவேல் அண்ணன் கடையிலிருந்து முகூர்த்தப் புடவை வாங்கினோம். ஸ்வர்ணாவின் முடியைப் பார்லர்காரப் பெண் சவுரி வைத்துச் சரிபண்ணிவிட்டாள். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. தாலி கட்டும்போது அம்மாவைவிட நான்தான் அதிகம் அழுதேன். வயிற்றெரிச்சல் சுத்தமாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். கொஞ்சம் இருந்தது. ஆனால் அது என்னுடையது மட்டும்தான், வேறு யாரும் அதில் கால் வைக்கவில்லை.

அவள் செய்யாற்றில் நன்றாக இருக்கிறாள். இரண்டாம் மாதமே நல்ல செய்தி சொன்னாள்.

அந்தச் சமயத்தில்தான் தென்னரசு வந்தார். கலசப்பாக்கம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். மனைவி இறந்து ஐந்து வருடம். பெண் பார்க்க வந்தவர் காபியைக் குடித்துவிட்டு, உங்க தறியைப் பார்க்கலாமா என்று கேட்டார். குழிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். பிறகு தினமும் போன். என்ன சாப்பிட்டீங்க, இன்றைக்கு எத்தனை விரல்கடை நெய்தீங்க என்று கேட்பார். நான் வேறொரு மனுஷி ஆகிவிட்ட மாதிரி இருந்தது. கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன், முப்பத்து மூன்று வயதில்.

சித்திரையில் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது.

பங்குனிக் கடைசி ஞாயிறு ஸ்வர்ணாவுக்கு ஐந்தாம் மாத வளைகாப்பு. வீட்டைப் பூட்டிக்கொண்டு அப்பா, அம்மா, நான் மூவரும் காலை பஸ்ஸிலேயே செய்யாற்றுக்குப் போய்விட்டோம். அவளுக்கு வளையல் அடுக்கிவிட்டு, எனக்கும் இரண்டு கையிலும் போட்டுவிட்டார்கள். அடுத்தது உனக்குத்தான் என்று எல்லோரும் கிண்டல் பண்ணினார்கள். நான் வெட்கப்பட்டேன், நிஜமாகவே.

மதியம் பந்தியில் உட்காரும்போது தென்னரசு கூப்பிட்டார். வாசலுக்கு வந்து எடுத்தேன். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"ஆரணிக்கு ஒரு வேலையா வந்தேங்க. அப்படியே உங்களப் பார்த்துட்டுப் போலாம்னு வீட்டுக்கு வந்தேன்."

நாங்கள் காலையிலேயே செய்யாற்றுக்கு வந்துவிட்டோமே என்றேன்.

"புடிக்கலன்னா நேர்லயே சொல்லியிருக்கலாங்க. நான் ஒண்ணும் தப்பா நினைச்சிருக்க மாட்டேன். அந்தப் பெரியம்மாவ முன்னால நிக்க வச்சிருக்க வேணாம்."

"எந்தப் பெரியம்மா?"

"கதவைத் தொறந்தாங்களே. கறுப்புத் துணியில முக்காடு போட்டுகினு. உங்க பேரைச் சொன்னேன், இல்லன்னு தலைய ஆட்டினாங்க. அவங்க பின்னால நீங்களும் வெள்ளை முக்காடு போட்டுகினு நின்னுகினு இருந்தீங்க. என்னப் பார்த்துகினேதான் இருந்தீங்க. நான் ரெண்டு தடவ கூப்பிட்டேன். நீங்களும் இல்லன்னு தலைய ஆட்டினீங்க."

உள்ளே ஸ்வர்ணா, அக்கா சாப்பிட வா என்று கூப்பிட்டாள். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். கை நிறையக் கண்ணாடி வளையல். வீட்டுச் சாவி என் இடுப்பில் இருந்தது.